பெயர் நீங்கினும் பிடி நீங்காதவை

தில்லி புசா ரோட்டில் உள்ள கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கஃபார் மார்க்கெட் வரும். கைபேசி விற்பனைக்கும் பழுது நீக்கலுக்கும் தலைநகரில் பெயர்பெற்ற சந்தை அது. எல்லைக் காந்தி என்று நாம் போற்றும் கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கி நிற்பது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்தபோது, அவர் கையில் ஒரு சிறு துணிமூட்டை மட்டுமே இருந்தது என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். மூட்டை சிறியது, அதனுள் என்ன இருந்தது என்பதை அவர் அறிவார்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் அதைவிடச் சிறிய மூட்டை ஒன்று இருக்கிறது. அதனுள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நாம் அறியோம். ஒருநாள் அது "இடம் இல்லை" என்று அறிவிக்கிறது. படங்களைக் கூட்டிப் பார்க்கிறோம், பாடல்களைக் கூட்டிப் பார்க்கிறோம், கணக்கு நேராகவில்லை. வேண்டாதவற்றை நீக்கிய பின்னரும் நிறைந்த இடம் நிறைந்தபடியே இருக்கிறது.

இதனை ஒரு தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சற்று ஊன்றி நோக்கினால், மிகப் பழைய வினா ஒன்று புதிய உடையில் நம்முன் வந்து நிற்பது புலப்படும். ஒன்றை விட்டுவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும்போதா? அல்லது அதைப் பற்றியிருக்கும் பிடி தளரும்போதா?

கணக்கில் வராத இடம்

முதலில், விளங்காதவை அனைத்தும் குப்பை அல்ல என்பதை உணர வேண்டும். 256 ஜிகாபைட் என்று சொல்லி விற்கப்படும் சேமிப்பகத்தை விண்டோஸ் கணினி ஏறத்தாழ 238 என்று காட்டும். இடையில் எவரும் எதையும் திருடவில்லை. விற்பவர் ஆயிரத்தின் மடங்குகளால் அளக்கிறார். கணினியோ 1024-இன் மடங்குகளால் அளக்கிறது. பொருள் ஒன்றே, அளவுகோல்கள் இரண்டு. காணாமற்போனதாக நாம் கருதும் பலவும் உண்மையில் அளவுகோலின் வேற்றுமையே.

இன்னொரு பகுதி, இயந்திரம் தன் கடமையைச் செய்வதற்காக வைத்துக்கொள்வது. உறக்க நிலைக்குச் செல்லும் கணினி, தன் நினைவில் இருந்ததைத் தட்டில் எழுதி வைக்கிறது. பிழை நேர்ந்தால் முன்னிலைக்குத் திரும்புவதற்கென்று மீட்புப் புள்ளிகளைக் காத்து வைக்கிறது. மீண்டும் மீண்டும் பார்க்கும் பக்கங்களின் நகலைத் தற்காலிகமாகச் சேமிக்கிறது. ஐஃபோனில் 'சிஸ்டம் டேட்டா' என்று காட்டப்படுவது பெரும்பாலும் இத்தகையவற்றின் தொகுப்பே. இன்னதென்று அறியாமல் இவற்றை அழிக்க முற்படுபவர், வீட்டின் அடித்தளக் கல்லைப் பெயர்த்து அறையைப் பெரிதாக்க நினைப்பவருக்கு ஒப்பாவார். அறியாமையால் குவிப்பது ஒரு பிழை என்றால், அறியாமையால் அழிப்பதும் பிழையே. இரண்டிற்கும் மருந்து ஒன்றுதான், அது விவேகம்.

காலை வணக்கங்களின் சுமை

மூன்றாவது பகுதி நாமே குவித்தது. 2018 ஜனவரியில் அமெரிக்க நாளேடான 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' ஒரு செய்தியை வெளியிட்டது. இந்தியாவில் இத்தனை கைபேசிகள் ஏன் திணறி நிற்கின்றன என்று கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடியபோது, அவர்கள் கண்டறிந்த காரணங்களுள் முதன்மையானது காலை வணக்கப் படங்கள்! மலர், சூரியோதயம், மழலையின் முகம், ஒரு நல்வாக்கு என்று நாள்தோறும் கோடிக்கணக்கில் அனுப்பப்படும் வாழ்த்துகள் கைபேசிகளை நிறைத்துவிட்டன. இந்தியாவில் திறன்பேசி வைத்திருப்போரில் மூவரில் ஒருவருக்கு நாள்தோறும் இடம் தீர்ந்துபோகிறது என்றும், அமெரிக்காவில் அது பத்தில் ஒருவருக்கே என்றும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கணக்கை அந்நாளேடு எடுத்துக்காட்டியது. கூகுள் 2017 டிசம்பரில் புதுதில்லியில் வெளியிட்ட கோப்பு மேலாண்மைச் செயலி இத்தகைய குவியலை இனங்கண்டு நீக்க உதவுவதற்காகவே ஆக்கப்பட்டது.

இதில் நகைப்பதற்கு எதுவும் இல்லை. அனுப்பியவரின் அன்பு பொய்யன்று. ஆயினும் இங்கு ஒரு நுட்பம் உண்டு. கையால் எழுதிய ஒரு கடிதத்தைப் பெட்டியில் வைக்கும் போது 'இதை வைத்துக்கொள்கிறேன்' என்று மனம் ஒருமுறையேனும் தீர்மானிக்கிறது. இங்கோ தீர்மானமே இல்லை. வருவது தானாகச் சேர்கிறது. நாம் பிறருக்கு அனுப்புவதன் நகலும் பல கைபேசிகளில் தனியே தங்குகிறது. தீர்மானம் இல்லாமலே உடைமை உண்டாகிவிடுகிறது.

யோக நூலார் கூறும் ஐந்து யமங்களுள் அபரிக்ரஹம் ஒன்று. தேவைக்கு மிஞ்சியதைப் பற்றிக்கொள்ளாமை என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். 'பற்றிக்கொள்ளுதல்' என்றால் கைநீட்டி எடுப்பது என்றே நாம் எண்ணுகிறோம். கைநீட்டாமலும் பற்ற முடியும் என்பதை இக்கருவி காட்டுகிறது. வருவதை வேண்டாம் என்று சொல்லாதிருப்பதும் ஒருவகைப் பரிக்ரஹமே. எதையும் சேர்க்க விரும்பியதில்லை என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒருவரின் கைபேசியும் நிறைந்திருக்கலாம். அவருடைய மனமும் அவ்வாறே நிறைந்திருக்கலாம்.

பெயர் அழிந்தது, பொருள் அழியவில்லை

'இடம்தானே குறைவு? நீக்கிவிட்டால் போயிற்று' என்று கேட்கலாம். இங்குதான் வினா ஆழமாகிறது. ஐஃபோனில் நாம் நீக்கும் படம் முப்பது நாட்கள் வரை வேறொரு தொகுப்பில் காத்திருக்கிறது. கணினியில் நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டிக்குச் செல்கிறது. தொட்டியையும் காலி செய்த பின்னர், பழைய வன்தட்டுகளில் கோப்பின் முகவரி மட்டுமே அழிகிறது. வேறொன்று அதன்மீது எழுதப்படும் வரை பொருள் அங்கேயே கிடக்கிறது. அழிந்த கோப்புகளை மீட்டுத் தருவோரின் தொழில் பெரிதும் இதை நம்பியே நடைபெறுகிறது.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது நாம் அக்கோப்பை நீக்கினால், அதன் பெயர் உடனே மறைகிறது. பட்டியலில் தேடினால் கிடைக்காது. ஆனால் அது அடைத்திருந்த இடம் விடுபடாது. அந்த நிரல் தன் பிடியை விடும் வரை பொருள் அப்படியே இருக்கும். கணினிகளைப் பராமரிப்போர் நன்கறிந்த நிலை இது: உள்ள கோப்புகளைக் கூட்டினால் ஒரு தொகை வருகிறது, தட்டில் நிறைந்துள்ள இடத்தைக் கேட்டால் அதனினும் பெரிய தொகை வருகிறது. இரண்டிற்கும் இடைப்பட்டது, பெயரை இழந்தும் பிடிபட்டிருக்கும் பொருள்.

பெரும்பாலும் அது ஒரு நாட்குறிப்புக் கோப்பாக இருக்கும். நிகழ்வனவற்றையெல்லாம் நிரல் அதில் ஓயாது எழுதிக்கொண்டே இருக்கும். பெயர் நீக்கப்பட்ட பின்னரும் எழுத்து நிற்பதில்லை. ஆதலால் நீக்கப்பட்ட அக்கோப்பு நாளுக்கு நாள் வளரவும் செய்கிறது! அதை மீண்டும் நீக்க முயல்வதில் பயனில்லை. நீக்குவதற்கு அதற்குப் பெயர் ஏது? எந்த நிரல் அதைப் பற்றியிருக்கிறது என்று கண்டறிந்து, அதை விடச் செய்வதே வழி. வீட்டில் பயன்படுத்தும் கருவியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கினால் சில வேளைகளில் இடம் திரும்பக் கிடைப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதனை மனத்தின் மேல் வைத்துப் பாருங்கள். "அவரை மன்னித்துவிட்டேன், அந்தப் பேச்சையே எடுப்பதில்லை" என்கிறோம். பொய் சொல்லவில்லை; நம் பட்டியலில் அந்த வருத்தத்தின் பெயர் இல்லைதான். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இன்னமும் அதைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு திருமணத்திற்கு வராததும், வந்து பேசாததும், பேசியும் சிரிக்காததும் அந்தப் பெயரற்ற ஏட்டில் பதிவாகிக்கொண்டே இருக்கின்றன. பிறகு ஒருநாள், காரணம் விளங்காமல் நாம் களைத்துப்போகிறோம். பிறருடைய துன்பத்தைக் கேட்க உள்ளத்தில் இடம் இல்லை. எதனால் நிறைந்தது என்று தேடினால் கிடைப்பதில்லை.

மன்னிப்பு என்பது பெயரை நீக்குவதோடு முடிவதில்லை. எழுதும் கையை நிறுத்துவதே மன்னிப்பு.

துறவுக்குப் பின்னும் அவா

திருக்குறளின் அதிகார வரிசை இங்கே நினைக்கத்தக்கது. நிலையாமை 34-ஆம் அதிகாரம், துறவு 35, மெய்யுணர்தல் 36, அவாவறுத்தல் 37. துறவைக் கூறிய பின் அவாவை அறுக்கத் தனியே ஓர் அதிகாரம் எதற்கு? துறந்தவனுக்கு அவா ஏது என்று கேட்கத் தோன்றும். பொருளை விடுவது ஒரு செயல், பொருளின் மீதுள்ள பிடியை விடுவது மற்றொரு செயல் என்பதை இவ்வரிசை நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம். இரண்டிற்கும் இடையே மெய்யுணர்தல் நிற்பதும் பொருத்தமே. பிடித்திருப்பது எது என்று உணராமல் அதை எவ்வாறு விடுவிக்க இயலும்?

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழலாம். 'சேமிப்பிடம் இன்று மலிவாகக் கிடைக்கிறது. மேலும் வாங்கினால் தீர்ந்தது. எதற்கு இத்தனை ஆராய்ச்சி?' என்பது அது. வாங்கலாம், தவறில்லை. ஆனால் இடம் தீர்ந்தது நோயின் அறிகுறியே தவிர நோய் அன்று. எதற்காக வைத்திருக்கிறோம் என்று நம்மால் விடை சொல்ல முடியாதவற்றுக்கு நாம் உடைமையாளராக இருப்பதே நோய். அவற்றுள் பிறர் நம்மை நம்பி அனுப்பிய அடையாளச் சான்றுகளும், குடும்பப் படங்களும், நோய்க் குறிப்புகளும் உண்டு. பழைய கைபேசியை விற்கும் நாளில் அவையும் கைமாறக்கூடும். ஆகவே இது நம் வசதியைப் பற்றிய வினா மட்டுமன்று. பிறருடைய நம்பிக்கைக்கு நாம் காட்டும் பொறுப்பையும் பற்றியது.

காக்கத்தக்கவை

அப்படியானால் எதையும் வைத்துக்கொள்ளாதிருப்பதே அறமா? அன்று. அதற்கும் புசா ரோடு நமக்கு ஒரு சான்று தருகிறது. புசா என்பது தில்லியின் பழம்பெயர் அன்று. பீகாரில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்கே 1905-இல் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் சிதைந்தது; 1936-இல் அது தில்லிக்கு மாற்றப்பட்டபோது ஊரின் பெயரும் உடன் வந்தது.

அந்தப் புசா வளாகத்தில் இன்று தேசிய மரபணு வங்கி இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்து திரட்டப்பட்ட 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே காக்கப்படுகின்றன. ஈரப்பதம் 3 முதல் 7 விழுக்காடு வரை குறையுமாறு உலர்த்தி, காற்றுப் புகாத உறைகளில் அடைத்து, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கின்றனர். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் உண்டு; எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு உண்டு. குறித்த கால இடைவெளியில் எடுத்து, முளைக்கும் ஆற்றல் இருக்கிறதா என்று சோதிக்கின்றனர். குறைந்திருந்தால் மீண்டும் விளைவித்துப் புதுப்பிக்கின்றனர்.

சேமிப்பதற்கும் குவிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. சேமிப்புக்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, அவ்வப்போது சோதனை உண்டு, இறுதியில் பிறருக்குப் பயன் உண்டு. குவியலுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மறைந்த தாயின் குரல் பதிந்த ஒரு சிறு கோப்பு, எவ்வளவு இடம் கொண்டாலும் குவியல் அன்று. அதைக் கேட்டு ஒருவர் சற்றே நல்லவராக முடியுமானால் அது விதைதான்.

வறுத்த வித்து

காக்கவும் வேண்டாத, அழிக்கவும் இயலாத நினைவுகளை என்ன செய்வது? நேர்ந்த அவமானத்தையும் இழப்பையும் எவராலும் அடியோடு அழித்துவிட முடிவதில்லை. தற்காலத் திறன்பேசிகள் தம்முள் உள்ளவற்றை மறையீடு செய்தே வைக்கின்றன. கருவியை முழுமையாக மீட்டமைக்கும்போது, அந்த மறையீட்டின் சாவி அழிக்கப்படுகிறது. அதன்பின் பழைய எழுத்துகள் சில்லில் எங்கேனும் எஞ்சியிருந்தாலும் அவற்றைப் படிக்க எவராலும் இயலாது.

யோக சூத்திர உரையாசிரியர்கள் வறுத்த வித்து என்று ஓர் உவமை கூறுவர். வித்தின் வடிவம் இருக்கும். ஆனால் அது முளைக்காது. நினைவு அழிய வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தவில்லை. 'என்னை இப்படிச் செய்தார்கள்' என்னும் வாக்கியத்தில் 'என்னை' என்ற சொல்லே சாவி. அச்சாவி எரிந்துவிட்டால், நிகழ்ந்தது வெறும் செய்தியாகத் தங்கிவிடும், துன்பமாக முளைக்காது.

ஆகவே அன்பர்களே, அடுத்தமுறை கைபேசி "இடம் இல்லை" என்று சொல்லும்போது, அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம், சலித்துக்கொள்ளவும் வேண்டாம். அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்து, எது அளவுகோலின் வேற்றுமை, எது கடமைக்குரியது, எது விதை, எது கேட்காமலே வந்து தங்கியது என்று பிரித்துப் பாருங்கள். பிறர் நம்பித் தந்தவற்றை அவர்களுக்குரிய மதிப்போடு அகற்றுங்கள். பின்னர் கருவியை ஒருமுறை முழுவதும் அணைத்துவிடுங்கள். அது மீண்டும் விழித்தெழ எடுத்துக்கொள்ளும் அந்தச் சில கணங்களில், நம்முள்ளே எழுதுவதை இன்னும் நிறுத்தாத கை எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.