துட்டி வீட்டில் ஒரு கேள்வி

1999-ம் வருஷத்து குற்றால சீசன் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் தென்காசி என்பதால், சாரல் விழுந்தால் சைக்கிளை எடுத்துவிடுவோம். மெயின் அருவியில் குளித்துவிட்டு, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட டீக்கடையில் நின்றால், பெஞ்சில் கிடந்த பேப்பர் முழுக்க கார்கில். மேஜர் சரவணனின் உடல் திருச்சிக்கு வந்த செய்தியை ஒருவர் சத்தமாகப் படித்தார்.

''இப்படி ஒரு புள்ளையைப் பெத்ததுக்கு அந்தம்மா பெருமைப்படணும்வே!'' என்றார் படித்து முடித்து.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: ''பெருமை இருக்கட்டும்வே. அந்தம்மா ஒரு வாய் சாப்பிட்டாளான்னு அதுல போட்டிருக்கா?''

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சரவணனைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அப்பாவும் ராணுவ அதிகாரி. பிள்ளை பீகார் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். 1999 மே 29 அதிகாலை, பட்டாலிக் பகுதியில் ஜுபார் மலை உச்சியைப் பிடித்து வைத்திருந்தவர்களை எதிர்த்து ஏறிய படைக்குத் தலைமை தாங்கிப் போய், அங்கேயே விழுந்தார். வயது 26. மேலே எதிரி உட்கார்ந்திருந்ததால் உடலை மீட்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் அது பனியிலேயே கிடந்தது. போர் முனையில் அதை 'மீட்க முடியாத உடல்' என்பார்கள். வீட்டில் அதற்குப் பேர் வேறு. பையன் இறந்துவிட்டான் என்று தந்தி வந்தாயிற்று, பையன் வரவில்லை. அந்த ஒரு மாதத்தை ஒரு தாய் எப்படிக் கழித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். என்னால் முடியவில்லை. அரசு வீர் சக்ரா விருது கொடுத்தது. திருச்சியில் நினைவுச் சின்னம் எழுந்தது. எல்லாம் நியாயம்தான், வேண்டியதுதான்.

முந்தைய போர்களில் பெரும்பாலும் களத்துக்குப் பக்கத்திலேயே இறுதிச் சடங்கை முடித்துவிடுவார்கள். வீட்டுக்கு வருவது தந்தி மட்டும். கார்கிலில்தான் சவப்பெட்டிகள் தேசியக்கொடி போர்த்தி ஊர் ஊராக வந்தன. பின்னாலேயே டி.வி. கேமராவும் வந்தது. அதன் பின்னால் அந்தக் கேள்வியும் வந்தது: ''உங்க மகனை நினைச்சா பெருமையா இருக்காம்மா?''

எங்கள் நெல்லைச் சீமையில் சாவு வீட்டுக்குப் போவதை 'துட்டி கேட்கப் போறது' என்போம். பேரில்தான் 'கேட்க' இருக்கிறது. யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். பெண்கள் உள்ளே போய் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் வாசல் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பு எரியாத வீடு என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வரும். எழுந்திருக்கும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. இவ்வளவு இங்கிதம் தெரிந்த ஜனங்கள்தான் நாம். ராணுவ வீரன் வீடு என்றால் மட்டும் எல்லாம் மறந்துபோகிறது.

'என்ன சார், புறநானூற்றுத் தாயை மறந்துட்டீங்களா?' என்பீர்கள். மறக்கவில்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278-ம் பாட்டு. போர்க்களத்தில் மகன் உடலைத் தேடிக் கண்டெடுத்து, பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்ந்த கிழவி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாட்டுதான். ஆனால், அந்தக் கிழவி வீடு திரும்பி, ராத்திரி தனியாகப் படுத்ததைப் பற்றி அந்தப் பாட்டில் ஒன்றும் இல்லை.

பெருமைப்படும் தாய்மார்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அந்தப் பெருமைதான் சிலரை எழுந்து நடமாட வைக்கிறது. அது அவர்கள் சொத்து. அதை நாம் ஏன் கை நீட்டிக் கேட்கிறோம் என்பதுதான் என் சந்தேகம்.

இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று எழுதி தற்காலிகமாக நேர் செய்யச் சொல்லித் தந்தார்கள் காமர்ஸ் வகுப்பில். ஒரு 26 வயதுப் பையன் இந்தப் பக்கம் போய்விட்டான். அந்தப் பக்கம் என்ன எழுதுவது? 'பெருமை' என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுகிறோம். நமக்குத் தூக்கம் வர வேண்டுமே!

அந்தப் பெருமையைக்கூட நாம் எல்லோருக்கும் தருவதில்லை. 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அதே வருஷம் நவம்பர் 25-ல் அங்கே விழுந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர்தான். இந்த நாட்டில் அதற்கு மேல் போர்க்கால விருது கிடையாது. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும், விசாரித்துப் பாருங்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னை வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் தமிழர்கள் பட்ட பாட்டால் வந்த கோபம். அதற்குக் காரணங்கள் இருந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தப் போரில் பிள்ளையைக் கொடுத்தவள் எந்தக் கணக்கில் சேர்த்தி? சண்டை சரியா தப்பா என்று அவளையா கேட்டு முடிவு செய்தார்கள்?

கார்கிலுக்கு அந்தப் பக்கத்துத் தாய்கள் கதை இன்னும் மோசம். 'அவர்கள் எங்கள் ராணுவத்தினர் இல்லை' என்றது பாகிஸ்தான். உரிமை கோரப்படாத பல உடல்களை இஸ்லாமிய முறைப்படி நம் ராணுவம்தான் அடக்கம் செய்தது. அந்த வீடுகளில் வாய்விட்டு அழவாவது முடிந்ததோ, என்னவோ.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நிருபராகச் சேர்ந்த புதிது. தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காஷ்மீரில் இறந்த பையனின் வீடு. பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், சுவரோடு சாய்ந்திருந்த அந்தத் தாயிடம் நோட்டை விரித்துக்கொண்டு கேட்டேன், ''பெருமையா இருக்காம்மா?''

நிமிர்ந்து பார்த்தார். ''உங்க அம்மைக்கு நீ எத்தனாவது புள்ளய்யா?''

''ஒரே பையன்மா.''

அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பேப்பரில், 'என் மகனை நினைத்துப் பெருமைப்படுகிறேன்' என்று அவர் கண்ணீர் மல்கக் கூறியதாக என் செய்தி வந்தது. நான் எழுதியதுதான். ஆபீஸில் பாராட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, குற்றாலத்துக்குப் போகிற வழியில் அந்த ஊரில் இறங்கினேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாக எண்ணம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மகனோடு படித்தவன் என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை. திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். 'பய குத்தாலத்துக்குப் போனா லேசுல வர மாட்டான்' என்றார் ஒருமுறை. சொல்ல வந்ததை நான் சொல்லவே இல்லை.

எழுந்து செருப்பை மாட்டும்போது வாய் தவறி ''போயிட்டு வாரேம்மா'' என்றுவிட்டேன்.

''வாய்யா'' என்றார்.