தோற்ற பின்னும் நிலைத்திருந்தவர்

நாம் நேரியதெனக் கருதும் ஒன்றை ஓர் அவையில் எடுத்துரைக்கிறோம். அவையோ வேறு முடிவெடுக்கிறது. அதன்பின் நம் கடமை யாது? அம்முடிவை ஏற்றால் மனச்சான்றுக்கு இரண்டகம் செய்தவர் ஆவோமா? ஏற்க மறுத்தால் ஒற்றுமையைக் குலைத்தவர் ஆவோமா? குடும்பத்திலும் பங்குப் பேரவையிலும் நம்மை எதிர்கொள்ளும் இக்கேள்விக்கு, ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவுமடத் தலைவி ஒருவரின் வாழ்வு விடை தேடித் தருகிறது.

வட இங்கிலாந்தின் நார்தம்பிரியா அரச குலத்தில் கி.பி. 614-இல் பிறந்தவர் புனித ஹில்டா. 627-இல் தம் உறவினரான மன்னர் எட்வினோடு திருமுழுக்குப் பெற்றார். 33-ஆம் வயதில் துறவறம் நாடிய அவருக்கு, அயர்லாந்து மரபில் வந்த ஆயர் எய்டன் வழிகாட்டினார். 657-இல் விட்பி என்னும் கடலோர ஊரில் ஹில்டா மடமொன்றை நிறுவினார். ஆண் துறவியரும் பெண் துறவியரும் அடங்கிய அம்மடத்தை அவரே ஆண்டார். அங்கு உடைமை அனைத்தும் பொதுவாயிருந்தது. மன்னரும் அவரிடம் அறிவுரை கேட்டனர் என்கிறார் வரலாற்றாசிரியரான புனித பீட்.

அக்காலத்தில் உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் கணிப்பதில் அயர்லாந்து முறை, உரோமை முறை என இரண்டு இருந்தன. மன்னர் ஓசுவியு முன்னதையும், அரசி ஈன்ஃபிளெட் பின்னதையும் பின்பற்றினர். மன்னர் உயிர்ப்பைக் கொண்டாடும் வேளையில் அரசி தவக்கால நோன்பில் இருக்கும் நிலையும் ஏற்பட்டது. இதைத் தீர்க்க 664-இல் கூடிய மாமன்றம் ஹில்டாவின் மடத்திலேயே நடந்தது. அயர்லாந்து முறைக்காக ஆயர் கொல்மனும், உரோமை முறைக்காக வில்ஃபிரிட் என்னும் குருவும் வாதிட்டனர். ஹில்டா கொல்மன் பக்கம் நின்றார். விண்ணகத் திறவுகோல்களைப் பெற்ற பேதுருவுக்கு எதிராக நிற்கமாட்டேன் என்று மன்னர் உரோமை முறையைத் தேர்ந்தார்.

கொல்மன் தம் ஆயர் பணியைத் துறந்து, தம்மைச் சார்ந்தோருடன் வெளியேறினார். மனச்சான்றின்படி நடந்த அவரை நாம் குறைகூறத் தேவையில்லை. ஆனால் ஹில்டா வெளியேறவில்லை. தம் இல்லத்திலேயே தம் கருத்து தோற்றதைக் கண்ட அவர், அம்முடிவை ஏற்றுப் பணியைத் தொடர்ந்தார்.

இது கோழைத்தனமா? அன்று வாதத்துக்கு உள்ளானது உயிர்ப்பின் நாளேயன்றி உயிர்ப்பின் உண்மையன்று. விசுவாசத்தின் உள்ளீடு வேறு. அதைக் கொண்டாடும் முறை வேறு. முன்னதை விட்டுக்கொடுப்பது மறுதலிப்பு. பின்னதை ஒற்றுமைக்காக விட்டுக்கொடுப்பது அன்பு. இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாதபோதுதான் நம் பழக்கங்களை நாம் மறையுண்மைகளாக உயர்த்திவிடுகிறோம்.

அவரது பணிவு வாய்மூடிய பணிவும் அன்று. பின்னாளில் ஆயரான வில்ஃபிரிடைப் பற்றிய வழக்கு எழுந்தபோது, அவருக்கு எதிரான முறையீட்டுடன் 679-இல் தம் தூதர்களை உரோமைக்கே அனுப்பினார் ஹில்டா. திருச்சபையின் முடிவுக்குப் பணிந்தவர், வாதத்தில் வென்ற மனிதருக்கு அடிமையாகிவிடவில்லை. திருச்சபைக்குள் நின்றபடியே முறையான வழியில் பேசினார்.

தோல்வி அவர் உள்ளத்தில் கசப்பாகத் தங்கவில்லை என்பதற்கு அவரது மடமே சான்று. அங்குப் பயின்றோருள் ஐவர் ஆயர்களாயினர். கால்நடைகளைக் காத்துவந்த கெட்மன் என்னும் எளியவரின் பாடும் வரத்தை உணர்ந்து, அவரைத் துறவியாக ஏற்றவரும் ஹில்டாவே.

இறுதி ஆறு ஆண்டுகள் அவர் நோயுற்றிருந்தும் போதிப்பதை நிறுத்தவில்லை. 680 நவம்பர் 17 அன்று, தம் துறவியரை அழைத்து, ஒருவரோடொருவரும் அனைவரோடும் அமைதி காக்குமாறு அறிவுறுத்திய பின்னரே இறைவனடி சேர்ந்தார். தோற்ற பின்னும் உடனிருந்து உழைத்த ஒருவரின் வாயிலிருந்து வந்த அறிவுரை அது. நம் சொல் எடுபடாத அவையிலிருந்து வீடு திரும்பும் நாளில், நாம் வெளியேற்ற வேண்டியது நம்மையா, நம்முள் இருக்கும் கசப்பையா என்று எண்ணிப் பார்ப்போம்.