குடமும் பேயும்

ஒரு பொருள் புலப்படவில்லை என்பதைக் கொண்டு அது இல்லை என்று துணியலாமா என்னும் வினா, இந்திய அளவை நூலாரிடையே, அதாவது அறிவு எவ்வழியாகப் பிறக்கிறது என்று ஆராய்ந்தோரிடையே, நெடுங்காலம் வழக்காடப்பட்ட ஒன்று. பாட்ட மீமாஞ்சகர் காணாமையைத் தனி அளவையாகவே கொண்டனர். நையாயிகர் அதைக் காட்சியில் அடக்கினர். பௌத்தரான தருமகீர்த்தி அதை அனுமானத்தின் பாற்படுத்தினார். மணிமேகலையின் 27ஆம் காதை எண்ணும் பத்து அளவைகளுள் அபாவம் எனப்படும் இன்மையும் இடம்பெறுகிறது. வகைப்பாட்டில் இவ்வளவு பிணங்கியோரும் ஒரு நிபந்தனையில் இணங்கினர்: இருந்திருந்தால் புலப்பட்டிருக்கும் என்ற தகுதியுடைய பொருளைக் காணாமையே அதன் இன்மையை நிறுவும். வெளிச்சமுள்ள தரையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை எனலாம். இயல்பிலேயே கண்ணுக்கு எட்டாத பேய் தென்படவில்லை என்பதால் அங்கே பேய் இல்லை எனல் செல்லாது.

தருக்க மாணவரின் பயிற்சிக்கென அமைந்த இவ்வெடுத்துக்காட்டு, பழனிமலைத் தொடரின் மேல் அமைந்த கொடைக்கானலில் உயிர்ப் பிரச்சினையாகவே எழுந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, 1983இல் பாம்பாற்றுச் சோலைக்காட்டுக்கு மேலுள்ள மலைமுகட்டில் நிறுவப்பட்ட வெப்பமானி ஆலையில் கையாளப்பட்ட பாதரசம், குடமாகவும் பேயாகவும் ஒருங்கே இருக்கவல்லது. தரையில் சிதறி உருளும் வெள்ளி மணிகளாக அது எவர் கண்ணுக்கும் படும். அறை வெப்பத்திலேயே ஆவியாகி எழும்போது நிறமும் மணமும் இன்றிக் காற்றோடு கலந்துவிடும். கண்ணுக்குப் படும் வடிவமே தீங்கில் குறைந்தது என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம்: நீர்ம வடிவில் விழுங்கப்பட்ட பாதரசம் பெரும்பாலும் உடலில் தங்காமல் கழிந்துவிட, மூச்சோடு உட்சென்ற ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நுரையீரல் ஏற்றுக்கொள்கிறது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தொழிற்சாலைச் சட்டம் பணியிடக் காற்றில் இதற்கு விதித்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம், காற்றோட்டமற்ற அறையில் 20 பாகை செல்சியசில் பாதரச ஆவி நிறைவுறுமானால், அதன் அளவு அவ்வரம்பைப் போல இருநூறு மடங்கையும் தாண்டும். அப்போதும் அறையில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

புலப்படாததைப் புலப்படத்தக்கதாக ஆக்கும் செயலையே பரிசோதனை என்று கொண்டால், அதன் திருந்திய வடிவத்தை அணுமின் நிலையங்களின் காற்று வடிகட்டி அமைப்புகளில் காணலாம். அங்கே நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் 99.97 விழுக்காட்டைத் தடுக்குமாறு செய்யப்படுகிறது. அந்த அளவுத் துகளே மிக எளிதில் ஊடுருவிச் செல்வது, அதைவிடச் சிறியவையோ தம் அலைவாலேயே இழைகளில் சிக்கிக்கொள்கின்றன. வாயு வடிவில் வரும் கதிரியக்க அயோடினை ஹெபா தடுக்காது ஆதலால், அதற்கென வேதிப்பொருள் ஏற்றிய கரிப்படுகை பின்னே வைக்கப்படுகிறது. பாதரச ஆவிக்கும் இதுபோலவே கந்தகம் ஏற்றிய கரி வேண்டும், வெறும் தூசுத்தடுப்பு முகமூடி உதவாது. உற்பத்தியாளர் தரும் சான்றிதழோடு இந்த வடிகட்டிகள் ஏற்கப்படுவதில்லை. பொருத்தியபின், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பதால், முன்புறம் நுண்ணெண்ணெய்த் துளிகளைப் புகைபோலச் செலுத்திப் பின்புறம் கருவியால் அளக்கிறார்கள். தேடப்படும் தீங்குக்குப் பதிலாகத் தீங்கற்ற ஒன்றைத் தாமே உள்ளே விட்டு, இருந்தால் தெரிந்தே தீரும் என்ற நிலையை முதலில் உண்டாக்கிக்கொண்டு, பிறகே இல்லை என்கிறார்கள். தருமகீர்த்தியின் நிபந்தனையை இதைவிடச் செம்மையாக நிறைவேற்ற முடியுமா என்பது ஐயமே.

அளக்கும் கருவி இல்லாதவர்க்கு எஞ்சுவது உரை, அதாவது நம்பத்தக்கவர் சொல். நம்பத்தக்கவர் பொருளை உள்ளபடி அறிந்தவராகவும், பிறரை மயக்குவதில் பயன் அற்றவராகவும் இருக்கவேண்டும். இவ்விரண்டில் பின்னதே அரிது. அணுமின் நிலையங்களைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டதும், கொடைக்கானல் ஆலையைப் போலவே, 1983இல்தான். அணுசக்தியை வளர்க்கும் ஆணையத்துக்கே அது பதில்சொல்ல நேர்ந்ததால் அதன் சார்பின்மை குறைபட்டது என்பதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. கொடைக்கானலில், 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிப்படுத்திய பின்னரே ஆலை மூடப்பட்டது. தான் செய்வித்த ஆய்வுகளில் தொழிலாளர் நலம் கெட்டதற்குச் சான்றில்லை என்பது உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் நிலைப்பாடு. 2016இல் 591 முன்னாள் தொழிலாளரோடு உடன்பாடு கண்டபோதும் மனிதநேய அடிப்படையில் என்றே அது கூறியது. அச்சொல் மெய்யா பொய்யா என்பதினும், அதைச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்பதே அளவை நூலார் முதலில் கேட்டிருக்கக்கூடிய வினா.

பயன் கருதாத சாட்சிகளும் அம்மலையில் இருந்தன. வேரின்றிக் காற்றிலிருந்தே ஈரமும் உணவும் ஈர்க்கும் மரப்பாசியும் கற்பாசியும், காற்றில் வருவதை ஆண்டுக்கணக்கில் தம்முள் சேர்த்துவைப்பவை; இவற்றைச் சேகரித்து ஆராய்ந்து, ஆலையின் பாதரசம் காற்றுவழிப் பரவியதை 2003இல் காட்டியவர்கள், அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வுக்கூட அறிவியலார். அவர்களே 2006இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, கொடைக்கானல் ஏரிநீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்ததாகவும், பேரிஜம் ஏரியிலும் கும்பக்கரையிலும் அது வெகுவாகக் குறைந்திருந்ததாகவும் தெரிவித்தது.

கழிவுகள் 2003இல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்ட பின்னும் ஆலை வளாக மண் எஞ்சியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்ற இலக்கை அதிகாரிகள் ஏற்க, மனிதர் குடியிருக்கும் நிலத்தை எண்ணி வகுத்த அளவு, மழைநீர் சோலைக்காட்டின் வழியே பாம்பாற்றுக்கு வழிந்தோடும் சரிவுக்கு எப்படிப் பொருந்தும் என்று எதிர்ப்பாளர் கேட்டனர். எவ்வளவு எஞ்சினால் "இல்லை" என்று கொள்ளலாம் என்பதைக் கருவி சொல்லாது. காட்சியும் அனுமானமும் எவ்வளவு உள்ளது என்பதை மட்டுமே தரும். யாருடைய மூச்சும் யாருடைய நீரும் கணக்கில் வரும் என்பதை வேறெங்கோ முடிவு செய்கிறார்கள், அங்கே பாம்பாற்றின் மீனுக்கு வழக்கறிஞர் எவரும் இல்லை.