நிறத்தின் அக்கம்பக்கம்

அரைக்கீரை கொதிநீரில் விழுந்ததும் அதன் பச்சை ஒரு நிமிடம் கூடித் தெரிகிறது. திசுக்களுக்கிடையே தங்கியிருந்த காற்று வெளியேறுகிறது, நிறமி கண்ணுக்கு நேராகப் படுகிறது, அவ்வளவுதான். புதிதாக எதுவும் உண்டாகவில்லை. அதற்குப் பிறகு இறங்குமுகம். இன்னும் சற்று நேரம் விட்டால் காக்கி நிறம். சூடு பச்சையைக் கெடுத்துவிட்டது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சூடு கதவைத் திறந்துவிடுகிறது என்பதுதான் இன்னும் பொருத்தம். உள்ளே புகுந்து கெடுப்பவர்கள் வேறு.

குளோரோஃபில் மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. உயிருள்ள இலையில் புளிப்புச் சாறுகள் தனி அறைகளில் அடைபட்டிருப்பதால் அந்த அணுவுக்கு ஆபத்தில்லை. வெந்ததும் அறைச் சுவர்கள் உடைகின்றன. அமிலம் பரவுகிறது. மெக்னீசியம் கழன்று, அதனிடத்தில் இரண்டு ஹைட்ரஜன் வந்து அமர்கின்றன. இப்போது அதன் பெயர் ஃபியோஃபைட்டின். நிறம் மங்கிய பழுப்புப் பச்சை. இத்தனை பெரிய மூலக்கூறில் ஓர் அணு இடம் மாறியதற்கு ஒரு சட்டி கீரையே சாட்சி சொல்கிறது.

அந்த மெக்னீசியத்தை உறுதிசெய்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர். தாவர நிறமிகளை ஆராய்ந்ததற்காக 1915-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பு ரோஜாவிலும் நீலக் கார்ன்ஃபிளவர் பூவிலும் அடிப்படையில் ஒரே நிறமிதான் இருக்கிறது என்று காட்டியவரும் அவரே. ஒரே நிறமி, வேறு வேறு சுற்றுப்புறம். இந்தக் குறிப்பேட்டில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் அதுதான்.

*

கீரைச் சட்டியை மூடாதே என்பது வீட்டுச் சட்டம். ஆவியாகக்கூடிய அமிலங்கள் நீராவியோடு வெளியேறட்டும் என்பதே அதன் உட்பொருள். நிறைய தண்ணீர், குறைந்த நேரம், புளியைக் கடைசியில் சேர்ப்பது: மூன்றும் அமிலத்தைப் பச்சையிலிருந்து தள்ளிவைக்கும் வழிகள்.

சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும். உண்மைதான். கூடவே இலை கொழகொழத்துப் போகும், தயமின் என்கிற பி1 வைட்டமின் அழியும். அந்தப் பச்சை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பெயிண்ட் கடைப் பச்சை அது.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்று இருந்தது. 1820-ல் லண்டனில் ஃபிரெடரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர் உணவுக் கலப்படங்களைப் பற்றி எழுதிய நூலில், ஊறுகாயைப் பளிச்சென்று பச்சையாக்கச் செம்புப் பாத்திரத்தில் வைக்கும் வழக்கத்தைக் கண்டித்திருக்கிறார். செப்புக் காசுகளைப் போட்டுக் கொதிக்கவிடச் சொன்ன சமையல் புத்தகங்களும் அன்று இருந்தன. வினிகரில் கரைந்த செம்பு, மெக்னீசியம் காலி செய்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அமிலமும் சூடும் அதை எளிதில் கிளப்ப முடியாது. பச்சை அபாரமாக நிற்கும்; சாப்பிடுகிறவர் நிற்பாரா என்பது வேறு விஷயம். ஈயம் பூசாத செம்பிலும் பித்தளையிலும் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொன்னதும் இதே பயத்தில்தான்.

செம்புக்குப் பதில் துத்தநாகத்தை அதே இடத்தில் அமர்த்தலாம் என்று 1980களில் அமெரிக்க டப்பா உணவுத் தொழில் கண்டுகொண்டது. காய்களை வெந்நீரில் முக்கியெடுக்கும் கட்டத்திலேயே துத்தநாக உப்பைச் சேர்த்துவிடுவார்கள். டப்பாவை 121 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றிக் கிருமி நீக்கும்போது, துணையில்லாத பச்சை தப்பாது. அதிக சூடு, மிகக் குறைந்த நேரம் என்ற உத்தியும் உண்டு. அன்றைக்கு நிறம் பிழைக்கும். பிறகு அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும்போது மெதுவாக அதே காக்கிக்கு வரும்.

*

புளி பச்சைக்குப் பகை என்று எழுதிவிட்டு மஞ்சளை நினைத்துக்கொண்டேன். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் 2007 வாக்கில் மஞ்சளைச் சமைத்து அளந்து பார்த்தார்கள். வேகவைத்ததில் அதன் நிறமியான குர்குமின் 27 முதல் 53 சதவீதம் வரை குறைந்தது. பத்து நிமிடம் பிரஷர் குக்கரில் வைத்தபோதுதான் அதிக இழப்பு. புளி சேர்த்தபோது இழப்பு 12 முதல் 30 சதவீதத்துக்குள் நின்றது. குர்குமினுக்குச் சோடா உப்பு போன்ற காரம் ஆகாது, புளிப்பு ஆகும். ஆக ஒரு சாம்பாருக்குள் புளி மஞ்சளைக் காத்துக்கொண்டே, அதே நேரத்தில் முருங்கைக்காயின் பச்சையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. யாருக்காகச் சமைப்பது?

மஞ்சளுக்கு அடுப்பைவிட வெயில்தான் பெரிய எதிரி. ஜன்னலோரக் கண்ணாடிச் சீசாவில் மஞ்சள்தூள் வைக்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

*

சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதா. இந்த வேடிக்கையைப் படம் எடுக்காத கஃபே இப்போது இல்லை. எனக்கு வியப்பு வேறிடத்தில். அந்த நீலம் கொதிநீரைத் தாங்குவது எப்படி?

அந்த நீலம் ஆந்தோசயனின்கள் என்ற நிறமி வகையைச் சேர்ந்தது. ஆந்தோசயனின்களுக்குத் தண்ணீரே எதிரி. புளிப்பு குறைந்த நீரில் ஒரு தண்ணீர் மூலக்கூறு நிறமியின் மையத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும், நிறம் போய்விடும். சூடு சேர்ந்தால் வளையமே பிளந்து, பிறகு மீளாத பழுப்பு. சங்குப்பூவின் ஆந்தோசயனின்களான டெர்னாட்டின்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. நிறமியோடு சர்க்கரைச் சங்கிலிகளும் அவற்றோடு கூமாரிக் அமிலத் தட்டுகளும் கோத்திருக்கின்றன. அந்தத் தட்டுகள் மடிந்து மையத்தின் மேலும் கீழும் போர்வைபோல் மூடிக்கொள்கின்றன. தண்ணீர் நெருங்குவது கடினமாகிறது. சிவப்பு முட்டைக்கோசும் ஊதா நிறச் சர்க்கரைவள்ளியும் ஓரளவு தாங்குவது இதே ஏற்பாட்டால். செம்பருத்தி இதழுக்கு அந்த வசதி இல்லை. அதன் தேநீர் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது.

சொந்தப் போர்வை இல்லாத நிறமிக்கு வெளியிலிருந்து துணை கொடுக்கலாம். தேயிலையின் டானின், ரோஸ்மேரியின் அமிலம் போன்ற நிறமில்லாத தட்டையான மூலக்கூறுகள் நிறமியின் மேல் வந்து படிந்துகொள்ளும். நிறம் அடர்ந்து, நெடுநேரம் நிற்கும். ஆனால் சூடு ஏற ஏற இந்தப் பிடி தளர்ந்துவிடும். இரவல் துணை கொதிக்கும்போது கைவிடுகிறது. உடம்போடு பிறந்தது ஓரளவு நிற்கிறது.

இன்னொரு விசித்திரம். பழச்சாறு கெடாமலிருக்க வைட்டமின் சி சேர்ப்பார்கள். அது ஆந்தோசயனினை வெளுக்கவைக்கும். எலுமிச்சையோ புளிப்பால் நிறத்தைத் தாங்குகிறது, தன் வைட்டமினால் அரிக்கிறது. இரண்டையும் ஒரே சொட்டில் தருகிறது. அதே வைட்டமின், பீட்ரூட் சாற்றில் ஆக்சிஜனை முந்திக்கொண்டு வாங்கி நிறத்தைக் காக்கிறது. ‘இயற்கை நிறமிகளை நிலைப்படுத்த’ என்று பொதுவாகத் தொடங்கும் எந்த அறிவுரையையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

*

பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளிப் பழம் எல்லாம் ஒரே கூட்டம்: பீட்டாலெயின்கள். இவையும் ஆந்தோசயனினும் ஒரே செடியில் சேர்ந்திருப்பதில்லை. ஏன் என்பதற்குத் தாவரவியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

பீட்ரூட்டின் நிறமியான பீட்டானின் சூட்டில் இரண்டு துண்டாகப் பிரிகிறது. ஒரு துண்டு மஞ்சள், மற்றது நிறமற்றது. கொதித்த சாறு மங்கிச் செம்மஞ்சளாவது அதனால். ஆனால் இந்தப் பிரிவு இறுதியானதல்ல. சாற்றை ஆறவைத்து, மெல்லிய புளிப்பில், காற்றுப் படாமல் குளிரில் வைத்தால் இரண்டு துண்டுகளும் மறுபடி சேர்ந்து சிவப்பில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. இறக்கியவுடன் நிறத்தை அளந்து ‘இத்தனை இழப்பு’ என்று எழுதுகிறவர் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார். அதற்குள் ஆக்சிஜன் முந்திக்கொண்டு ஒரு துண்டைக் கெடுத்துவிட்டால் மீட்சி இல்லை. ஆகவே கவனம் வேண்டியது கொதிக்கும் நேரத்தில் மட்டுமில்லை. இறக்கிய பிறகு சாற்றை விளிம்புவரை நிரப்பி மூடுவதிலும், சீக்கிரம் குளிரவைப்பதிலும், உடனே தூக்கி ஊற்றிவிடாமல் கொஞ்சம் பொறுத்திருப்பதிலும்.