சாவி இல்லாதவர் சொன்ன கீதை

கெங்கவல்லிப் பக்கம் வரப்புத் தகராறில் ஒருவன் இன்னொருவனை வெட்டிச் சாய்த்துவிட்டு ஆயுள் தண்டனையில் சேலம் மத்தியச் சிறைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வீட்டார் விடியற்காலையில் பஸ் ஏறி, ஆத்தூர் வழியாகச் சேலம் போய், மனு போட்டு அவனைப் பார்த்துவிட்டு இருட்டும்போது திரும்புவார்கள். அதே தெருவில்தான் செத்தவன் வீடும் இருக்கும். அங்கிருப்பவர்களுக்குப் போய்ப் பார்க்க யாரும் இல்லை. இந்த நிலையில் ஆன்மிக எழுத்தாளர் ஒருவர் சிறைக்குள் போய், கொன்றவனை உட்காரவைத்துக் கீதையோ குறளோ சொல்லித் தருகிறார். அது அறமா, அல்லது கணவனைப் பறிகொடுத்தவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயமா?

இதற்கு விடை தேடக் காந்தியின் சீடர் வினோபா பாவேயின் வாழ்க்கை பெரிதும் உதவும். 1932இல் அவர் மகாராஷ்டிரத்தின் துலியா சிறையில் இருந்தபோது, ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயமாகப் பதினெட்டு ஞாயிறுகள் கைதிகளுக்குக் கீதையைப் பற்றிப் பேசினார். உடன் கைதியாக இருந்த சானே குருஜி அதை எழுதி எடுத்தார். பின்னால் அது தமிழ் உட்படப் பல மொழிகளில் நூலாக வந்தது. பேசியவரும் அங்கே ஒரு கைதி என்பதுதான் முக்கியம். சிறை வேலையைத் தட்டிக்கழிக்காமல் மற்றவர்களோடு திரிகையில் மாவரைத்தவர் அவர். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்துக்குப் பின் வேலூர் சிறையில் அடைபட்டபோதும், சும்மா இராமல் தமிழ் முதலான நான்கு தென்மொழிகளைக் கற்றார். சிறைக்குள் சொல்லும் நல்வார்த்தையை நம்பாதவர்கள், கைதி பக்திமான் வேஷம் போடுவதெல்லாம் தண்டனைக் குறைப்புக்காகத்தான் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் துலியாவில் அந்த வேஷத்துக்கு விலை கிடையாது. வினோபாவைக் கேட்டதற்காக ஒருவனுக்கும் ஒரு நாள்கூடக் குறையப்போவதில்லை. சொல்பவர் கையில் சாவி இல்லாததால், கேட்டவன் எதற்காகக் கேட்டான் என்று சந்தேகப்பட வேண்டிய தேவையும் இல்லை.

கொள்ளையர் நிறைந்த சம்பல் பள்ளத்தாக்கில் விஷயம் இவ்வளவு சுத்தமாக இல்லை. கொள்ளையன் மான்சிங்கின் மகன் தாசில்தார் சிங், தூக்குத் தண்டனைக் கைதியாகச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தின் பேரில், 1960 மே மாதம் வினோபா அங்குள்ள பிண்ட், மொரேனா பகுதியில் நடைபயணம் போனார். இருபது கொள்ளையர்கள் அவர்முன் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்கள். போலீஸ் தரப்பில் கடும் எதிர்ப்பு எழுந்தது: உயிரைப் பணயம் வைத்து வேட்டையாடிய காவலர்களின் உழைப்பு என்னாவது, கொலைகாரனுக்கு மாலை மரியாதையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வினோபா மன்னிப்பு வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை. கொடுமைக்கு ஆளாகாமல் வழக்கை எதிர்கொள்ளலாம், தண்டனையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே அவர் சொன்னது. அது பெரிய வேறுபாடு. ஆனாலும் ஊரே கும்பிடும் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது, அவர் கேட்காத சலுகைகூடத் தானாக வந்து சேரும். தாசில்தார் சிங் தூக்கிலிருந்து தப்பினார். 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் அதே சம்பல் பகுதியின் ஜௌராவில் நூற்றுக்கணக்கான கொள்ளையர்கள் சரணடைந்த கதையிலும் நாம் நினைவில் வைத்திருப்பது மாதோ சிங், மோகர் சிங் பெயர்களை. அவர்கள் கையால் செத்தவர்களின் பெயர் எதுவும் நம் நினைவில் இல்லை. சிறைப்பணி தடுமாறும் இடம் இந்த மறதி. கைதியிடம் காட்டிய இரக்கத்தைக் குறைசொல்ல நியாயம் இல்லை.

நம் ஊரிலும் அண்ணா பிறந்த நாளையொட்டி ஆயுள் கைதிகளை முன்கூட்டி விடுவிக்கும் வழக்கம் உண்டு. விடுதலை சரியா என்பதை அரசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கோப்பில், கைதிக்குக் கீதை சொல்லித் தந்த எழுத்தாளரின் நற்சான்று சேரக்கூடாது. சேர்ந்தால் அவர் சொன்ன கீதை மனுத்தாளாகிவிடும். அப்படியானால் அவருக்கு என்ன வேலை மிச்சம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. தமிழகச் சிறைகளில் கைதியின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்குப் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. பெரும்பாலான கைதிகளுக்கு அது கணக்கில் கழியும் ஒரு தொகையாகத்தான் தெரியும். அந்தப் பணம் யாருக்காகப் பிடிக்கப்படுகிறது, செத்தவன் மனைவிக்கு எத்தனை பிள்ளைகள், அறுவடைக்கு இப்போது யார் போகிறார்கள் என்று அவனை யோசிக்க வைப்பது எந்த அதிகாரியாலும் ஆகாது; அதுதான் சொல்லித் தருபவரின் வேலை.