துளையை அடைத்தபின் நீர் இறைப்போம்



அகன்ற தகரக் கிண்ணத்தின் அடியில் ஆணியால் சிறு துளையிட்டு, நீர்த்தொட்டியில் மிதக்க விடுங்கள். நீர் உள்ளே ஏறும். கரண்டியால் இறைத்தாலும் மீண்டும் ஏறும். கை ஓய்ந்தால் கிண்ணம் அமிழும். துளையை மெழுகால் அடைத்துவிட்டு இறைத்தால் அதே கிண்ணம் மிதக்கும். பள்ளிப் பிள்ளைகளும் செய்யத்தக்க எளிய சோதனை இது.

ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்னும் மூன்றும் இதில் விளங்கும். வினை வந்து சேர்வது ஊற்று. அவ்வழியை அடைப்பது செறிப்பு. சேர்ந்ததைத் தவத்தால் நீக்குவது உதிர்ப்பு. செறிப்பின்றி உதிர்ப்பு நிறைவேறாது.

வேலை இழந்த இல்லத்திற்கும் இம்முறை பொருந்தும். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் தோல் ஏற்றுமதியை நம்பியது. 2008இல் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. கடல் கடந்து எடுக்கும் முடிவு இங்குள்ள அடுப்பைத் தொடுகிறது. அந்நாளில் பழங்கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குவது, துளையை விட்டுவிட்டு நீர் இறைப்பதேயாகும். முதலில் புதுக்கடனை நிறுத்துக. பின்னர்ப் பழங்கடனைச் சிறிது சிறிதாகத் தீர்க்க. பொருளுக்கு வரம்பு கட்டும் விரதமோ, வருவாய் உள்ள நாளிலேயே பழக வேண்டியது.

தோல் தொழில் கொல்லாமைக்கு ஒவ்வாதது என ஒதுங்கி நிற்போர் நம்முள் உளர். தொழிலை ஏற்காமை வேறு. அதில் உழைத்தவர் பசியைக் காணாமை வேறு. அரிசிக்கே வழியற்றவரிடம் கடன் வாங்காதே என்று மட்டும் சொல்லி நகர்தல் அறமன்று. உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என்னும் நால்வகைத் தானம் இங்கேதான் தேவை. நம் தெருவில் அத்தகைய இல்லத்துப் பிள்ளை ஒருவரின் பள்ளிக் கட்டணத்தை நாம் செலுத்தினால், அக்குடும்பத்தின் துளையொன்று அடைபடும்.