ஸபர்க் குளியலும் ஒரு கூடாரமும்

தவறான எண்ணத்தினால் ஒருவன் நற்செயல் செய்கிறான். சரியான எண்ணமுடைய மற்றொருவன் அதைச் செய்யாது விடுகிறான். இவ்விருவரில் மேலானவன் யார்? ஓதிப் படித்த பெரியோர்கள் இதற்கு உடனே விடை சொல்லக்கூடும். மளிகைக் கடையில் பொழுது கழிக்கும் நமக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

தாயகத்து ஊர்களில் ஒடுக்கத்துப் புதன் என்றொரு நாள் உண்டு. ஸபர் மாதத்தின் கடைசிப் புதன். அது பலாய் இறங்கும் மாதமென்று எண்ணி, மாவிலையில் ஆயத்துக்களை எழுதிக் கரைத்துக் குடிப்பார்கள், குளிப்பார்கள், பெண்டு பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போவார்கள். மலாயாவில் இதற்கு மண்டி ஸபர் என்று பெயர். மலாக்காவில் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடும். நம் பேராக்கிலே லுமுட் கடற்கரை. ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால், சில ஆண்டுகளில் இந்நாள் அடைமழையில் போய் விழும். 1954இல் ஐப்பசியில் விழுந்தது.

அவ்வாண்டு நம் அத்தா சிறுபிள்ளை. சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தாத் தோட்டத்திலிருந்து லாரியேறி லுமுட் போனார்களாம். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடாகிவிட்டது. இரவில் கொட்டிய மழையில் பாதிக் கூடாரங்கள் சாய்ந்துவிட்டன. நின்ற கூடாரங்களில் யார் யாரோ புகுந்தார்கள். போவென்று ஒருவரையும் ஒருவர் சொல்லவில்லை. “பலாய் எல்லாருக்குமல்லவா இறங்குகிறது, யாரைத் துரத்துவது?” என்பார் அத்தா.

ஸபரில் சகுனமில்லையென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்க, இக்குளியலுக்கு ஆதாரமேது என்று ஆலிம்கள் கண்டித்தார்கள். கண்டித்தது சரியே. வழக்கம் மெல்ல மறைந்தது. கடற்கரைக் கூட்டம் மட்டும் பெஸ்தா லுமுட் என்ற விழாவாக நின்றது.

1990களின் இறுதியில், இருபது வயதில், அவ்விழாவுக்கு நாம் நண்பர்கள் ஐவராக ஈப்போவிலிருந்து போனோம். தெலுக் பாத்தேக்கில் கூடாரம் அடித்தோம். நல்ல தார்ப்பாய், சொட்டு நீர் இறங்காது. மறுநாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. நடுச்சாமத்தில் ஒரு மலாய்க்காரர், மனைவியும் இடுப்பில் பிள்ளையுமாக வாசலில் வந்து நின்று, மழை விடும்வரை ஒதுங்கிக்கொள்ளலாமா என்றார். நண்பர்கள் நம்மைப் பார்த்தார்கள். ஐவரில் மதறஸாவில் ஓதியவர் நாம்தானே. அந்நியப் பெண்ணோடு ஆண்பிள்ளைகள் ஒரே கூடாரத்தில் இருப்பது முறையன்று என்றோம். அவர் தலையை அசைத்துவிட்டு, ஸலாமும் சொல்லிவிட்டு, இருட்டில் போய்விட்டார். பிள்ளை இருமியது வெகுநேரம் கேட்டது.

நாம் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. அதை எடுத்த நோக்கம் வேறு. நமக்கு நனைய மனமில்லை. ஐவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்க்கடை ஓட்டுக்கடியில் நின்றிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் குறைவில்லை, மார்க்கத்துக்கும் குறைவில்லை. மழையும் குளிருமான இரவில், இருக்குமிடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று கூவும்படி நபியவர்கள் மோதினாருக்குச் சொன்ன ஹதீதை நாம் அதற்கு முன்பே ஓதியிருந்தோம். ஜமாஅத்துக்கே சலுகை தந்த மழை அது! ஓதியது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. வசதியான சட்டம் மட்டும் வந்தது.

வீடு திரும்பியதும் அத்தாவிடம் சொன்னோம். அவர் திட்டவில்லை.

“சமையல் பானைகளை எங்கே வைத்திருந்தீர்கள்?” என்றார்.

“உள்ளேதான்.”

பிறகு அவர் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

பயத்தால் இடம் கொடுத்தது தர்மமாகுமா என்று கேட்கலாம். நாமும் கேட்டுப் பார்த்ததுண்டு. நிய்யத்தைக் கொண்டே அமல் என்பது தெரியாததல்ல. ஆனால் அன்று நனைந்த பிள்ளைக்கு நம் நிய்யத்தால் என்ன பயன்? தெளிந்த கொள்கையுள்ள ஐவர் உலர்ந்து படுத்திருந்தோம். வெறும் நம்பிக்கைக்காரர்களோ ஊராரை உள்ளே விட்டு நனைந்தார்கள். அந்தக் குளியல் மீண்டும் வரவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதோடு வேறெதுவும் சேர்ந்து போய்விட்டதோ என்பதே நம் சந்தேகம். அத்தா மௌத்தாகிவிட்டார், கேட்டுத் தெளிய இனி வழியில்லை.

இப்போதும் ஈப்போவில் மாலை மழை கொட்டும்போது, நம் கடையின் அஞ்சடியில் வழிப்போக்கர்கள் வந்து ஒதுங்குவார்கள். வெங்காய மூட்டைகளை உள்ளே இழுக்கச் சொல்லி இடம் விடுகிறோம். வியாபாரம் கெடுகிறதென்று கடைப்பையன் முணுமுணுக்கிறான். அவன் சொல்வதும் உண்மைதான். ஒதுங்க வருகிறவர்கள் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை.